என் தம்பி ஊர் பார்த்த விதம்

என் தம்பி ஒரு சுவரை உள்ளங்கையால் தொட மாட்டான். புறங்கையால்தான் தொடுவான். உள்ளங்கை காய்த்துப் போனது, அதற்கு ஈரம் தெரியாது, புறங்கைக்குத்தான் தெரியும் என்பான். அவனுக்கு இப்போது நாற்பத்தொரு வயது. பதினேழு வயதில் உப்புத்தாளைக் கையில் எடுத்தவன், இருபத்து நான்கு வருடமாக அடுத்தவர் வீட்டுச் சுவருக்கு பெயிண்ட் அடித்து வருகிறான். வேலை இடங்களில் அவனுக்கு 'ஓதம்' என்று பட்டப்பெயர். எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் முதலில் அலமாரிக்குப் பின்னால் கையை விட்டுப் பார்ப்பான். "இங்க ஓதம் இருக்கு" என்பான். அந்த இடத்தைச் சுரண்டினால் உப்பு பூத்திருக்கும். ஒருமுறைகூடத் தப்பியதில்லை என்று எழுத ஆசைதான். இரண்டு முறை தப்பியிருக்கிறது. அதையும் அவனே வந்து என்னிடம் சொன்னான்.

அவன் தன் குடும்பத்துக்கு ஊர் தேடிய கதையை எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

நாங்கள் பிறந்து வளர்ந்தது ஆறும் கடலும் சேரும் இடத்தில் இருக்கும் தாழ்வான ஊர். வருடத்தில் ஏழு மாதம் சுவர் வியர்க்கும். தீப்பெட்டியை அரிசி டப்பாவுக்குள் வைப்போம். பீரோவைத் திறந்தால் கல்யாணத்துக்கு எடுத்த கோட்டில் சாம்பல் நிறத்தில் பூஞ்சை பூத்திருக்கும். எங்களுக்கு அது பழகிவிட்டது. தம்பி மகளுக்குப் பழகவில்லை.

அவளை வீட்டில் எல்லோரும் வாயாடி என்றுதான் கூப்பிடுவோம். வாய் திறந்த நாளிலிருந்து பேச்சுதான். ஐந்து வயதில் அந்தப் பேச்சில் இடைவெளி விழ ஆரம்பித்தது. "அத்தை, இன்னைக்கு" என்று தொடங்கி நிறுத்துவாள். தோள் இரண்டும் ஏறி இறங்கும். பிறகு "ஸ்கூல்ல" என்பாள். மறுபடியும் தோள் ஏறும். ஒரு வாக்கியம் முடிவதற்குள் மூன்று முறை நிற்பாள். கேட்டுக்கொண்டிருக்கும் நமக்கு மூச்சு முட்டும். தம்பி அவள் முதுகில் புறங்கையை வைத்துப் பார்த்துக்கொண்டே இருப்பான்.

பார்த்து வந்த டாக்டரம்மா கறாரானவர். இன்ஹேலர் எழுதிக் கொடுத்துவிட்டுச் சொன்னார்:

"மருந்து நான் தர்றேன். இந்த ஈரத்தை நீங்கதான் மாத்தணும்."

"வீட்ட மாத்தணுமா டாக்டர்?"

"ஊரையே மாத்த முடிஞ்சா நல்லது."

"எந்த ஊருக்குப் போகட்டும்?"

"அத நான் சொல்ல முடியாதுப்பா. ஒரு பிள்ளைக்கு ஒத்துக்கற காத்து இன்னொரு பிள்ளைக்கு ஒத்துக்காது. போய்ப் பாருங்க."

அதைக் கேட்டவுடன் ஆளாளுக்கு ஓர் ஊர் சொன்னார்கள். அவன் மாமியார் மலை மேல் ஊர் என்றார். என் கணவர் லேத் பட்டறையில் வேலை செய்பவர், சமவெளியில் இருக்கும் வறண்ட ஊர் என்றார். அவனோடு வேலை செய்யும் மேஸ்திரி ரயில் பாதை முடிகிற கடைசி ஊரைச் சொன்னார். மூன்று பேருமே அந்தந்த ஊரில் இரண்டு நாளுக்கு மேல் தங்கியதில்லை. இக்கரைக்கு அக்கரை பச்சை.

தம்பி மூன்றையும் காகிதத்தில் எழுதி எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தான்.

"அக்கா, எனக்கு ஒரே தானுல இருந்து பன்னெண்டு துண்டு துணி வேணும். எல்லாம் ஒரே அளவு. நூல் பிசகக் கூடாது."

நான் துணி கம்பெனியில் வெட்டுமேசையில் இருக்கிறேன். நூல் பிசகாமல் வெட்டுவதுதான் என் பிழைப்பு. "எதுக்குடா?" என்றேன்.

"மூணு ஊர். நாலு பருவம். ஒவ்வொரு தடவையும் ஒரு துண்ட நனைச்சு, பிழிஞ்சு, நிழல்ல காயப் போடுவேன். எவ்வளவு நேரத்துல காயுதுன்னு பாத்தா அந்த ஊர்க் காத்துல எவ்வளவு ஈரம்னு தெரிஞ்சுடும்."

"ஒரே துண்டையே திரும்பத் திரும்பப் போட்டா?"

"துவைக்கத் துவைக்கத் துணி மாறும்ல? ஒனக்குத் தெரியாததா?"

என் கணவர் உள்ளேயிருந்து, "பொண்ணு பாக்கப் போறவன்கூட இவ்வளவு பாக்க மாட்டான்" என்றார்.

"பொண்ணு பாக்கறப்ப நீங்க பாத்திருந்தா இப்படிப் பேச மாட்டீங்க மாமா" என்றான் தம்பி. நான் கத்தரிக்கோலை மேசையில் சத்தமாக வைத்தேன்.

ஒரே தானில், அதாவது ஒரே துணிச் சுருளில், பன்னிரண்டு வெள்ளைத் துண்டு வெட்டினேன். முழங்கை நீளம், ஒரு சாண் அகலம். நாலு பக்கமும் மடித்துத் தைத்தேன். ஒரு நோட்டில் கட்டம் போட்டுக் கொடுத்தேன், என் கையெழுத்து கொஞ்சம் நன்றாக இருக்கும் என்பதால்.

தம்பி மனைவி பெண்களுக்கு முடி வெட்டும் கடையில் வேலை செய்பவள். அந்த நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "எல்லாம் சரி அண்ணி. இதுல மனுஷங்களுக்குக் கட்டம் எங்க?" என்றாள்.

"மனுஷங்கள எப்படிக் காயப் போடறது?" என்றான் தம்பி.

"அத நான் பாத்துக்கறேன். காத்து நல்லா இருந்து, பேச ஆளில்லாத ஊர்ல போய் என் கத்தரிக்கோல் எப்படி ஓடும்? வாயாடி யார்கிட்ட வாயாடுவா?"

அவள் வழியும் அவள் தொழிலிலிருந்தே வந்தது. ஊருக்குப் போனதும் அங்கே இருக்கும் முடி வெட்டும் கடையில் வாடிக்கையாளராகப் போய் உட்கார்ந்துவிடுவாள். நாற்காலியில் உட்கார்ந்தவளிடம் கடைக்காரி எதைப் பேசுகிறாள், முன்பின் தெரியாதவளைப் பேச்சில் சேர்த்துக்கொள்கிறார்களா, கடைத்தெரு எத்தனை மணிக்குச் சாத்துகிறது, சொந்த ஊரைப் பற்றி என்ன சொல்கிறார்கள், எல்லாவற்றையும் கேட்டு வைத்துக்கொள்வாள். வருடம் முடிவதற்குள் முதுகு வரை இருந்த முடி தோளுக்கு மேலே வந்துவிட்டது.

"பாத்தீங்களா அண்ணி? இன்னும் ரெண்டு ஊர் பாத்தா ஒங்க தம்பிக்கு மொட்டைப் பொண்டாட்டிதான்."

வெயில் காலம், மழைக் காலம், மழை விட்ட காலம், குளிர் காலம் என்று வேலைக்கு நடுவே நாலு முறையும் மூன்று ஊருக்கும் போய் வந்தார்கள். ஒவ்வொரு துண்டின் ஓரத்திலும் ஊர், தேதி, காய்ந்த நேரம் மூன்றையும் எழுதிக்கொண்டு வருவான். நான் நோட்டில் ஏற்றுவேன்.

மலை ஊர் முதலில் கழன்றது. பார்க்க ஓவியம் மாதிரி ஊர். மழைக் காலத்தில் போட்ட துண்டு மறுநாள் மதியம் வரை காயவில்லை. சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் போனதும் கடைக்காரர்களும் பூட்டிவிட்டுக் கிளம்புகிறார்களாம். மீதி இரண்டில் சமவெளி ஊர்தான் ராஜா. எந்தப் பருவத்திலும் துண்டு ஒரு மணி நேரத்தைத் தாண்டவில்லை, வெயிலில் நாற்பத்தைந்தே நிமிடம். கடைசி ஊரில் சாதாரணமாக ஒன்றே முக்கால் மணி, மழையில் மூன்று மணி.

அதோடு கடைசி ஊரின் முடி வெட்டும் கடைக்காரி ஒரு விஷயம் சொல்லியிருந்தாள். பிள்ளைக்கு இளைப்பு என்று கேட்டதும் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டாளாம்.

"இந்த ஊருக்கா வரப் போறீங்க? இங்க காக்காகூட மதியம் ஒண்ணுல இருந்து நாலு வரைக்கும் தூங்கும். அது போகட்டும். வெயில் தொடங்கறப்ப பெரிய ரோட்டு மரமெல்லாம் பூத்தூள் கொட்டும், பத்து நாள். இளைப்புக்காரங்க வெளிய வர மாட்டாங்க. என் மாமனாருக்கு அந்தப் பத்து நாளும் சண்டை போடக்கூட மூச்சிருக்காது, எனக்கு அதுதான் லீவு. சொல்லாம விட்டா அப்புறம் என்னையத்தான் திட்டுவீங்க."

தம்பி கடைசி ஊரின் மேல் சிவப்புப் பேனாவால் கோடு போட்டான். மனைவி விடவில்லை.

"தன் குறையத் தானா வந்து சொல்ற ஊருங்க அது."

"குறை இருக்குன்னு அவங்களே சொல்றாங்க. அப்புறம் எதுக்கு அங்க போகணும்?"

"அந்தச் சமவெளி ஊர்ல நாலு தடவ முடி வெட்டிக்கிட்டேன். நாலு தடவயும் 'எங்க ஊருக்கு என்ன கொறச்சல்'னுதான் சொன்னாங்க."

"கொறச்சல் இல்லாததாலதான் சொல்லியிருப்பாங்க."

இரண்டு பேரும் சொன்னது எனக்கு நியாயமாகப் பட்டது. ஆனால் நோட்டு என் கையில் இருந்தது, கட்டங்கள் தம்பி பக்கம் பேசின. நானும் சமவெளி ஊர் என்றுதான் சொன்னேன்.

தானிய மண்டிக்குப் பின்னால் இரண்டாவது தெருவில் வீடு கிடைத்தது. சுவர் எலும்பு மாதிரி காய்ந்திருந்தது. மனைவியையும் மகளையும் கூட்டிப் போவதற்குப் பன்னிரண்டு நாள் முன்பே தம்பி போய், பிள்ளை வரும்போது துளி அழுக்கு இருக்கக் கூடாது என்று மேலிருந்து கீழ் வரை சுத்தம் செய்து, பட்டி பார்த்து, பெயிண்ட் அடித்தான். போனில் என்னிடம், "முன்னாடி இருந்தவங்க சுத்தச் சோம்பேறிங்க அக்கா. ஃபேன் மேல, வென்டிலேட்டர் மேல, பரண் மேல எல்லாம் நாலு விரக்கடை மஞ்சத் தூசு. ரெண்டு சாக்கு அள்ளிக் கொட்டுனேன்" என்றான். "சில பேர் அப்படித்தான்டா" என்று நானும் சிரித்தேன்.

முதல் நாலு மாதம் நாங்கள் நினைத்ததற்கு மேல் நன்றாகப் போனது. வாயாடி போனில் பேசினால் இடைவெளி குறைந்திருந்தது. ஒரு வாக்கியத்துக்கு ஒரு நிறுத்தம்தான். என் கணவர் ஊரெல்லாம், "நான் சொன்ன ஊரு" என்று சொல்லிக்கொண்டு திரிந்தார்.

குளிர் விலகி வெயில் இன்னும் ஏறாத நாட்களில் ஐந்து நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு நான் அங்கே போனேன். போன மறுநாள் காற்று திசை மாறியது. ஊரைச் சுற்றி அறுவடை முடிந்து, களங்களில் தானியம் தூற்றிக்கொண்டிருந்தார்கள். அந்த உமித்தூள் முழுக்கத் தெருவுக்குள் வந்தது. வெளியே போய் வந்தால் புருவம் மஞ்சளாக இருந்தது. மூன்றாம் நாள் காலை, சாப்பிட உட்கார்ந்த வாயாடி, "அத்தை, நீங்க ஊருக்குப்" என்றாள். அவ்வளவுதான். அடுத்த சொல் வரவே இல்லை. வாய் திறந்திருந்தது, தோள் காது வரை ஏறியிருந்தது, உதடு நிறம் மாறிக்கொண்டிருந்தது. இன்ஹேலர் மூன்று முறை கொடுத்தும் பிடிக்கவில்லை.

பக்கத்து வீட்டு லாரி டிரைவர் சட்டைகூடப் போடாமல் ஓடி வந்து, தன் லாரியிலேயே எங்களை ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். அவர் இல்லையென்றால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்க எனக்குத் தைரியம் இல்லை. அங்கே நர்ஸ், "இது வருஷா வருஷம் தூத்தற சீசன்ல வர்றதுதானே. இன்னும் பதினஞ்சு நாள் இருக்கும். திரும்ப அடுத்த அறுப்புக்கும் வரும்" என்று மணி என்ன என்று கேட்டால் சொல்வது போலச் சொன்னார்.

பிள்ளைக்கு மூச்சு சீரான பிறகு தம்பி டிரைவரிடம் கேட்டான். குரலில் கோபம் இல்லை, களைப்புதான் இருந்தது.

"ஏண்ணே, இத ஒரு வார்த்தை சொல்லலையே?"

அவர் உண்மையிலேயே விழித்தார். "சொல்ல என்ன தம்பி இருக்கு? காத்து அடிக்கும், தூசு வரும், போயிடும். ஊருன்னா அப்படித்தானே?"

அவர் மறைக்கவில்லை. பிறந்ததிலிருந்து பார்ப்பது அவர் கண்ணுக்குத் தெரியவில்லை. எங்கள் ஊரின் வியர்க்கிற சுவர் எங்களுக்கு அப்படித்தானே இருந்தது?

வீட்டுக்கு வந்ததும் தம்பி ஒரு ஸ்டூலைப் போட்டு ஏறி, ஃபேன் இறக்கையின் மேல் விரலை வைத்து இழுத்தான். மூன்றே நாளில் அரை விரக்கடை. அதே மஞ்சள். ஸ்டூலிலிருந்து இறங்காமலே நின்றான்.

"அக்கா, ரெண்டு சாக்கு."

"விடுடா."

"இந்த ஊரே எனக்குக் கடுதாசி எழுதி ஃபேன் மேல வச்சிருந்துச்சு. படிக்காம தொடச்சுட்டேன். இதுல முன்னாடி இருந்தவங்கள சோம்பேறின்னு வேற சொன்னேன்."

பெயிண்டரைத் தவிர வேறு யாரும் இந்தத் தப்பைச் செய்திருக்க மாட்டார்கள். வேறொருவர் அந்தத் தூசியைப் பார்த்து, இது எங்கிருந்து வந்தது என்று ஒரு நிமிடமாவது யோசித்திருப்பார். பெயிண்டருக்குத் தூசி என்பது துடைக்க வேண்டிய ஒன்று, அவ்வளவே. நாலு பருவமும் பார்த்தவன், இரண்டு பருவத்துக்கு நடுவில் இருக்கிற நாட்களைப் பார்க்கவில்லை. கட்டம் போட்டவளும் அதற்கு இடம் விடவில்லை.

என் தம்பியைப் பற்றி நான் பெருமைப்படுவது இந்த இடத்தில்தான். ஆத்திரத்தில் மூட்டையைக் கட்டிக்கொண்டு பழைய ஊருக்குத் திரும்பவில்லை. யாரையும் குறை சொல்லவில்லை. ஜன்னல் இடுக்கெல்லாம் ஈரத்துணி திணித்து அந்தப் பதினைந்து நாளையும் கடத்தினான். பிறகு மனைவியிடம் போய், "நீ சொன்னதுதான் சரி. அந்தக் கடைசி ஊர இன்னொரு தடவ பாக்கணும். அந்தப் பத்து நாள்லயே போய்ப் பாக்கணும்" என்றான்.

"இந்தத் தடவ முடி வெட்ட நான் வரலப்பா, தலையில மிச்சமில்ல" என்றாள் அவள். சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தாள்.

அவன் எனக்குப் போன் செய்தான். "அக்கா, பதிமூணாவது துண்டு வேணும். அதே தானு."

அந்தத் தானில் மீதி இருந்தது. நான்தான் எடுத்து வைத்திருந்தேன். வெட்டி அனுப்பினேன்.

ஆறு வாரம் கழித்து, பெரிய ரோட்டு மரங்கள் பூத்தூள் கொட்டும் நேரத்தில், தனியாக அந்தக் கடைசி ஊருக்குப் போனான். சுவர் எதையும் தொடவில்லை. லாட்ஜ் அறையில் ஃபேன் மேலும் வென்டிலேட்டர் மேலும் தினம் விரல் வைத்துப் பார்த்தான். தெருவில் நடந்தான். தண்ணீர் லாரி காலையும் மாலையும் ரோட்டை நனைத்தது. பள்ளிக்கூடத்தில் ரோட்டுப் பக்கத்து வகுப்புகளைப் பின்கட்டுக்கு மாற்றியிருந்தார்கள். கடைகளின் வாசலில் நனைத்த போர்வை தொங்கியது. முடி வெட்டும் கடைக்காரி அவனைப் பார்த்ததும், "சொல்லியும் வந்துட்டீங்களா? இதப் பாக்கறதுக்குன்னே டிக்கெட் எடுத்து வந்த மொத ஆளு நீங்கதான்" என்றாளாம். அவள் மாமனார் உள்ளேயிருந்து கையை மட்டும் ஆட்டினாராம்.

பதிமூன்றாவது துண்டை நனைத்து, அறை ஜன்னலில் பத்து நாளும் கட்டி வைத்தான். துவைக்காமல், பிளாஸ்டிக் உறையில் மடித்து வைத்து, நேராக டாக்டரம்மாவிடம் கொண்டுபோய் மேசை மேல் பிரித்தான். வெள்ளைத் துண்டு வெளிர்பச்சையாக இருந்தது.

டாக்டரம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். "எனக்கு இருபது வருஷ சர்வீஸ். ஒரு ஊரையே மடிச்சு எடுத்துட்டு வந்து காட்டுன ஆளு நீங்கதான்" என்றார். பிறகு பிள்ளையை வரவழைத்து, இந்தத் தூள் அவள் உடம்புக்குச் சேருமா என்று பரிசோதனை செய்து பார்த்தார். கொஞ்சம் ஒவ்வாது, உமித்தூள் அளவுக்கு இல்லை என்று தெரிந்தது. அந்தப் பத்து நாளுக்கு இரண்டு வாரம் முன்பிருந்தே என்ன மருந்து, எத்தனை வேளை என்று எழுதிக் கொடுத்தார். "நாள் தெரிஞ்சா நான் பாத்துக்குவேன். எனக்கு வேண்டியது அதுதான்" என்றார்.

பள்ளி வருடம் முடிந்ததும் கடைசி ஊருக்குப் போனார்கள். மூன்று வருடம் ஆகிறது. அவனுக்கு அங்கே வேலைக்குக் குறைவில்லை. இப்போதெல்லாம் எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் சுவருக்கு முன்னால் ஸ்டூலைக் கேட்கிறானாம். ஏறி, ஃபேன் மேல் விரலை இழுத்து, அதை வீட்டுக்காரரிடம் காட்டி, "இது எந்த மாசத்துல வருது?" என்று கேட்ட பிறகுதான் துடைக்கிறான். 'ஓதம்' என்ற பெயர் அந்த ஊருக்குத் தெரியாது. அங்கே அவன் 'ஸ்டூல்காரர்'. தம்பி மனைவி அதே கடையில் இரண்டாவது நாற்காலியில் வேலை செய்கிறாள். முடியும் வளர்ந்துவிட்டது.

போன முறை நான் வேண்டுமென்றே அந்தப் பத்து நாளுக்குள் போனேன். கடைசி ஸ்டேஷன் என்பதால் வண்டி காலியாக இருந்தது. வெளியே போக மேம்பாலம் ஏற வேண்டும். ஒரு பக்கம் முப்பத்தெட்டுப் படி, நான் எண்ணியிருக்கிறேன். மூட்டு வலியோடு நான் முதல் படியில் கால் வைக்கும்போது, போன வருடம் நான் வெட்டித் தந்த துண்டை முகத்தில் கட்டிக்கொண்டு வாயாடி மேலிருந்து ஓடி வந்தாள். ஒன்பது வயது. என் பையைப் பிடுங்கிக்கொண்டு என் கூடவே ஏறினாள்.

"அத்தை, நீங்க லேட்டு, அப்பா வண்டி லேட்டுன்னாரு, நான் அத்தைதான் மெதுவா எறங்குவாங்கன்னு சொன்னேன், எங்க க்ளாஸ பின்பக்கம் மாத்திட்டாங்க, அங்க ஜன்னலே இல்ல, அதனால டீச்சர் கத சொல்றாங்க, நேத்து எதிர்வீட்டுத் தாத்தா வந்து காத்து நாளைக்கு இந்தப் பக்கம்னு சொல்லிட்டுப் போனாரு, மாமா ஏன் வரல, என் துண்டு கொண்டாந்தீங்களா?"

பின்னால் வந்த தம்பி கேட்டுக்கொண்டே ஏறினான். நான் மனதுக்குள் படியையும் எண்ணினேன், அவள் எங்கே நிறுத்துகிறாள் என்றும் பார்த்தேன். முப்பத்தெட்டாவது படியில், நான் பதில் சொல்வதற்காகத்தான் நிறுத்தினாள்.

"கொண்டாந்திருக்கேன்டி" என்றேன். அந்தத் தானில் மிச்சமிருந்த கடைசித் துண்டு. இந்த வருடத்துக்கு.